பேராயர் அசரியா



நாம் சிறுவராயிருந்த நாளில், எங்கள் ரப்பர்த் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஒரு குடும்பத்தார் மட்டும் வாசலருகே பாய் விரித்து அமர்வது வழக்கம். ஏனென்று எவரும் கேட்டதில்லை, நாமும் கேட்டோமில்லை. இன்று அத்தோட்டம் செம்பனைக் காடாகிவிட்டது. லயத்தில் வாழ்ந்தோர் பலர் ஈப்போவின் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிவிட்டனர். எனினும், புதிதாகச் சேர்ந்த பிள்ளை வகுப்பின் கடைசி மேசையில் தனித்திருக்கக் காணும்போதெல்லாம் அந்தப் பாய் நம் நினைவுக்கு வருகிறது. ஆதலால் பேராயர் அசரியாவின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிராமத்துக் குருவானவர். அவருடைய முன்னோர் பிறந்த குலத்தாரும் ஒருகாலத்தில் கோவில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களே. மெஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியில் பயின்ற நாளிலேயே, சாதி பாராது பழகுவதற்கென நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கற்றார். ஆயினும் பட்டம் பெறவில்லை. மாணவர்களே, இதைக் கண்டு படிப்பு வேண்டாமென்று எண்ணிவிடாதீர்கள்!

1903 ஆம் ஆண்டில் திருநெல்வேலித் தமிழர் தம் சொந்தப் பணத்தைக்கொண்டே ஓர் ஊழியச் சங்கம் தொடங்கினர். அதற்கு முன்னின்றவர் அசரியா. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டிலிருக்க மனமின்றி, 1909 இல் குருப்பட்டம் பெற்று, நிஜாமின் ஐதராபாத் நாட்டிலிருந்த டோர்ணக்கலுக்குச் சென்றார். அங்கு வழங்கியது தெலுங்கு. அதனை முதலெழுத்திலிருந்து கற்றார். தொடக்கத்தில் கூடாரமே அவருக்கு வீடு.

மறு ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக ஊழியர் மாநாடு கூடிற்று. அங்கே முப்பத்தைந்து வயதுத் தமிழர் எழுந்து, வெள்ளையர் இந்தியாவுக்குப் பொருளும் உழைப்பும் தந்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தியரைத் தமக்குச் சமமான நண்பராக ஏற்கவில்லை என்னும் குறையையும் மறைக்காது எடுத்துரைத்தார். விருந்துக்கு வந்தவர் வீட்டாரின் குறையைச் சொல்வது எளிதன்று. கேட்டோரில் சிலர் சினந்தனர்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை. ஒரு கறுப்பருக்குக் கீழ் வெள்ளைக் குருமார் பணிபுரிவதா என்று முணுமுணுத்தவர் உண்டு.

அதனினும் பெரிய சோதனை டோர்ணக்கலிலேயே காத்திருந்தது. அவரிடம் திரண்டு வந்தோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் இரு சமூகத்தார். மாலர் வயல்வேலையும் நெசவும் செய்வோர். மாதிகர் தோல்வேலை செய்வோர். ஊர் இருவரையும் ஒதுக்கியது. ஒதுக்கப்பட்ட அவர்களோ ஒருவரையொருவர் ஒதுக்கினர்! ஒருவர் கிணற்றில் மற்றவர் நீர் மொள்ளார். ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்ணார். மாலர் ஓர் ஆலயமும் மாதிகர் ஓர் ஆலயமும் கட்டிக்கொண்டால் பூசல் இராதே என்று எவருக்கும் தோன்றும். அசரியா அதற்கு இணங்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றபின் எல்லாரும் ஒரே சபையார் என்பதில் உறுதியாக நின்றார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் கிராமந்தோறும் சென்று அதனையே போதித்தார். எழுத்தறியாத முதியோரும் வழிபாட்டில் கலந்துகொள்ளத் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பயன்படுத்தினார். துணைவியார் அன்பு மரியம்மாள் பெண்களிடையே பணியாற்றினார்.

டோர்ணக்கலில் அவர் எழுப்பிய பேராலயம் 1939 சனவரி 6 அன்று பிரதிட்டை செய்யப்பட்டது. கோவிலைப் போன்ற தூண்களும், பள்ளிவாசலைப் போன்ற கும்மட்டங்களும் அதில் உண்டு. எவரும் அதனைப் பார்த்து அந்நியரின் வீடு என்று தயங்கலாகாது என்பது அவர் கருத்து.

1945 சனவரி முதல் நாள் டோர்ணக்கலில் அவர் காலமானார். அப்பேராலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மாலர், மாதிகர் பூசல் அவரோடு முடிந்துவிடவில்லை. அவருக்குப் பின்னும் பல ஊர்களில் நீடித்தது.