அம்மாவின் கணுக்கால்

திருநெல்வேலிக்காரங்ககிட்ட டோனாவூர்னு சொன்னாலே போதும், ஏமி கார்மைக்கேல் ஞாபகம் வந்துடும். நீங்க வேற ஊர்னா, உங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம்.

1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தில் பிறந்தவர். 1895இல் இந்தியா வந்தார், கடைசிவரை ஊர் திரும்பவே இல்லை. தமிழ் கற்றார், சேலை கட்டினார், மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1901இல், பண்ணைவிளையில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பிரீனா என்ற 7 வயதுச் சிறுமி தப்பி வந்து இவரிடம் அடைக்கலம் கேட்டாள். அன்று தொடங்கியதுதான் டோனாவூர் இல்லம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் அம்மா ஆனார்.

1931இல் ஒரு நாள் களக்காட்டில், புதுசா வெட்டியிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிஞ்சது, கணுக்கால் மூட்டு பிசகியது, முதுகிலும் அடி. ஓடியாடி வாழ்ந்தவருக்கு அதன்பின் ஏறக்குறைய 20 வருஷம் படுக்கைதான்.

ஒரு கணுக்காலுக்கு இவ்வளவு விலையா? நம்ம பாஷையில யோசிங்க. முழு உடம்பின் லோடும் அந்தச் சின்ன பேரிங் வழியாத்தான் இறங்குது. எலும்பு முறிஞ்சா ஒட்டிக்கும். அதன்மேல் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, தேய்ந்தால் பழையபடி வளராது. அதனால சில நேரம் மருத்துவர்கள் அதை இடம் மாற்றுறாங்க. முழங்காலில் பாரம் விழாத ஓரத்திலிருந்து எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த சிறு உருளைகளை எடுத்து, கணுக்காலில் துளையிட்டு இறுக்கமாகப் பொருத்துவது ஒரு வழி. கிட்டத்தட்ட நம்ம பிரெஸ் ஃபிட்தான்! 1990களில் ஹங்கேரியின் லாஸ்லோ ஹாங்கோடி இதைப் பரவலாக்கினார். சேதம் ரொம்பப் பெரிசுன்னா இறந்தவர் தானம் தந்த எலும்பிலிருந்து வெட்டிப் பொருத்துவாங்க.

அம்மாவின் காலத்தில் இது எதுவும் வழக்கத்தில் இல்லை. முதுகும் சேர்ந்து படுத்தியதால், இது இருந்திருந்தா நடந்திருப்பார்னும் அடிச்சுச் சொல்லிட முடியாது. ஆனா அந்த அறையிலிருந்தே இல்லத்தை வழிநடத்தினார், பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்தபோதும் அவர் படுக்கையில்தான் இருந்தார்.

1951 ஜனவரி 18 அன்று மறைந்தார். கல்லறைக்கல் வேண்டாம்னு சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்: அம்மா.