ஜோசப் பார்ட்லெட் ஈஸ்ட்மன்

ஜோசப் பார்ட்லெட் ஈஸ்ட்மன் (ஜூன் 26, 1882 – மார்ச் 15, 1944) ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்து ஒழுங்காற்றுத் துறையில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த அரசு அலுவலர் ஆவார். மாநிலங்களிடை வணிக ஆணையத்தில் 1919 முதல் இறக்கும் வரை உறுப்பினராக இருந்தார். சரக்குந்துகளை நடுவண் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1935 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்தாளர் சட்டம் உருவாவதில் முதன்மைப் பங்காற்றினார். சரக்குந்து ஓட்டுநர்களின் பணிநேர வரம்பு, பணிநேரப் பதிவேடு ஆகியவை இச்சட்டத்தின் வழிவந்தவையாகும்.

இளமை

நியூயார்க் மாநிலத்தின் கட்டோனா என்னும் சிற்றூரில் கிறித்தவப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அமெர்ஸ்ட் கல்லூரியில் பயின்று 1904 இல் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரில் சமூகப் பணியில் ஈடுபட்டார். அங்கே பொதுப் பயன்பாட்டு நிறுவனங்களின் கட்டணங்களைக் கண்காணித்த குடிமக்கள் அமைப்பு ஒன்றின் செயலாளராகப் பணியாற்றியபோது, வழக்கறிஞர் லூயி பிராண்டைசின் தொடர்பு கிடைத்தது. கணக்கேடுகளை நுணுகி ஆராய்ந்து வாதிடும் பழக்கம் அக்காலத்தில் ஏற்பட்டதே எனலாம். டிராம் வண்டித் தொழிலாளரின் ஊதியத் தகராறுகளில் தொழிலாளர் தரப்பில் நடுவர் மன்றங்களில் வாதாடினார். 1915 இல் மாசசூசெட்ஸ் மாநிலப் பொதுச் சேவை ஆணையத்தின் உறுப்பினரானார்.

ஆணையத்தில்

குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இவரை மாநிலங்களிடை வணிக ஆணையத்துக்கு நியமித்தார். 1887 இல் தொடருந்துக் கட்டணங்களை ஒழுங்குபடுத்துவதற்காக நிறுவப்பட்ட இவ்வாணையத்தில், இவர் ஐந்து குடியரசுத் தலைவர்களின் காலத்தில் பணியாற்றினார். பெரும்பான்மையோருடன் உடன்படாதபோது விரிவான மாற்றுத் தீர்ப்புரைகளை எழுதுவது இவரது வழக்கம்.

1920களில் சரக்குந்துகள் பெருகின. ஆனால் அவற்றை ஒழுங்குபடுத்த நடுவண் சட்டம் எதுவும் இருக்கவில்லை. போட்டியைத் தவிர்க்கும் நோக்குடன், மாநிலங்களிடையே ஓடும் ஊர்திகளுக்கு ஒரு மாநிலம் உரிமம் மறுக்க முடியாது என்று 1925 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவர் அப்போது நீதிபதியாக இருந்த பிராண்டைஸ் என்பது குறிப்பிடத்தக்கது. பெரும் பொருளாதார மந்தத்தின்போது வேலை தேடியவர் பலர் பழைய சரக்குந்தை வாங்கிக் கிடைத்த கூலிக்கு ஓட்டினர். கட்டணம் குறையக் குறைய ஓட்டும் நேரம் கூடியது. உறக்கமின்றி ஓட்டுவது சாலையில் செல்லும் அனைவருக்கும் தீங்காக முடிந்தது.

1933 இல் குடியரசுத் தலைவர் பிராங்ளின் ரூசுவெல்ட் இவரை நடுவண் போக்குவரத்து ஒருங்கிணைப்பாளராக நியமித்தார். 1936 வரை வகித்த இப்பதவியில் இருந்துகொண்டு, சரக்குந்துகளையும் பேருந்துகளையும் ஒழுங்குபடுத்த வேண்டும் எனக் காங்கிரசுக்குப் பரிந்துரைத்தார். 1935 ஆகஸ்ட் 9 இல் சட்டம் இயற்றப்பட்டது. கட்டணம், உரிமம் ஆகியவற்றுடன், ஓட்டுநரின் தகுதி, பணிநேர உச்சவரம்பு, ஊர்தியின் பாதுகாப்பு ஆகியவற்றை வரையறுக்கும் அதிகாரமும் ஆணையத்துக்குக் கிடைத்தது.

பணிநேர விதிகள்

விதிகளை வகுத்தது ஈஸ்ட்மன் தனித்து அல்ல, ஆணையம் முழுவதுமே. 1937 டிசம்பரில் வெளியான முதல் ஆணை வாரத்துக்கு 60 மணிநேரம் என வரம்பிட்டது. எனினும் நாள் ஒன்றுக்கு 15 மணிநேரப் பணிக்காலத்துள் 12 மணிநேரம் வேலை செய்ய இடமளித்தது. தொழிற்சங்கங்கள் இதனை எதிர்த்தன. 1938 இல் திருத்தப்பட்ட விதியின்படி 24 மணிநேரத்தில் 10 மணிநேரத்துக்கு மேல் ஓட்டுதல் கூடாது. இடையே தொடர்ச்சியாக 8 மணிநேர ஓய்வு வேண்டும். ஓட்டுநர் தம் பணிநேரத்தைத் தாமே பதிவேட்டில் எழுதும் முறையும் தோன்றியது.

இவ்விதிகள் நீதிமன்றத்துக்கும் சென்றன. 1938 இன் நியாயத் தொழில் தரச் சட்டம், ஆணையம் பணிநேரம் வரையறுக்கக்கூடிய ஊழியருக்கு மிகைநேர ஊதியத்திலிருந்து விலக்கு அளித்திருந்தது. ஆகவே தம் ஊழியர் அனைவரும் ஆணையத்தின் கீழ் வருவர் என நிறுவனங்கள் வாதிட்டன. ஊர்தியின் பாதுகாப்பைப் பாதிக்கும் பணியினர் மட்டுமே தன் அதிகாரத்துக்கு உட்பட்டவர் என்பது ஆணையத்தின் நிலை. 1940 இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஆணையத்தின் நிலையை ஏற்றது. இதனால் எழுத்தர் முதலியோர் மிகைநேர ஊதியம் பெற்றனர். எவரைக் காக்க விதி வகுக்கப்பட்டதோ அந்த ஓட்டுநர் அதனைப் பெறவில்லை.

போர்க்காலமும் மறைவும்

1939 முதல் 1942 வரை ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1941 டிசம்பரில் நிறுவப்பட்ட பாதுகாப்புப் போக்குவரத்து அலுவலகத்தின் இயக்குநர் பொறுப்பும் இவருக்கு அளிக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியா சப்பானின் வசமானதால் ரப்பர் வரத்து நின்றது. டயர்களைச் சேமிக்க 1942 இல் நாடு முழுவதும் மணிக்கு 35 மைல் வேக வரம்பு விதிக்கப்பட்டது. இரு பொறுப்புகளையும் ஒருசேரச் சுமந்து வந்த ஈஸ்ட்மன், போர் முடியுமுன்னரே வாசிங்டனில் காலமானார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பிற்காலத் தாக்கம்

பாதுகாப்புப் பணிகள் 1967 இல் போக்குவரத்துத் துறைக்கு மாற்றப்பட்டன. ஆணையமே 1995 இறுதியில் கலைக்கப்பட்டது. 2003 இல் அறிவிக்கப்பட்ட விதிகள், 10 மணிநேர ஓய்வுக்குப் பின் 11 மணிநேரம் ஓட்ட அனுமதித்தன. தாளில் எழுதிய பதிவேட்டில் பொய்க்கணக்கு எழுதுவது எளிது என்பதால், 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு மின்னணுப் பதிவுக்கருவி கட்டாயமாக்கப்பட்டது.

சரக்குந்து விபத்து வழக்குகளில் இவ்விதிகள் முக்கிய இடம் பெறுகின்றன. எரிபொருள் ரசீது, சுங்கச் சீட்டு, எடைச் சீட்டு ஆகியவற்றைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, ஓட்டுநர் உரிய ஓய்வு எடுத்தாரா, நிறுவனம் அதனைக் கண்காணித்ததா என்பதைத் துறை வல்லுநர்கள் நீதிமன்றத்தில் விளக்குகின்றனர். விதிமீறல் மெய்ப்பிக்கப்பட்டால் அது கவனக்குறைவுக்குச் சான்றாகக் கொள்ளப்படலாம். ஓட்டுநரின் களைப்பை அவரது சொந்தக் குறையாக மட்டும் கருதாமல், அவரைப் பணிக்கு அனுப்பிய நிறுவனத்தின் பொறுப்பாகவும் கருத வழிசெய்ததே 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலைத்த பயன் எனலாம்.