விதை காத்த வித்தகர் ரிட்லி

செமோர் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை எனலாம். நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் பேரட்டில் நின்று, உளியும் வாளியும் ஏந்தி நிரைபிடித்தது அம்மரத்தை நம்பியே ஆகும். ஆயினும் பால்மரம் இம்மண்ணில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவின் அமேசான் காட்டிலிருந்து விதையாகப் புறப்பட்டு, கடல் கடந்து வந்தது. அவ்விதையின் அருமையை உணர்ந்து காத்துப் பரப்பிய அறிஞர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லியின் வரலாற்றை மாணவச் செல்வங்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ரிட்லி 1855-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டில் நார்போக் மாவட்டத்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கல்வி கற்று, செடிகொடிகளை ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

அவர் வருமுன்னரே பால்மரம் இங்கு வந்துவிட்டது. 1876-இல் விக்கம் என்பவர் பிரேசிலில் ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டி இலண்டனுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் 3,000-க்கும் குறைவானவையே முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. செமோரிலிருந்து சுங்கை சிப்புட் வழியே சென்றால் அடையக்கூடிய ஊர் அது. அக்காலத்து மரமெனப் போற்றப்படும் ஒன்றை அந்நகரில் பாதுகாத்து வருகின்றனர்.

மரம் வந்தும் மதிப்பார் இல்லை. அந்நாளில் தோட்ட முதலாளிகள் காப்பிப் பயிரையே பெரிதென எண்ணினர். ரிட்லியோ மனந்தளரவில்லை. பால்மரத்தை வெட்டிச் சிதைக்காமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் மரம் பட்டுப்போகாது என்றும், அதே வெட்டை மீண்டும் மீண்டும் சீவுவதால் பால் பெருகும் என்றும் ஆய்ந்து கண்டார். பால்வெட்டும் கலைக்கு அடிப்படை அதுவே.

அடுத்து அவரை எதிர்நோக்கியது விதைச் சிக்கல். பால்மரக் காய் முற்றியதும் வெடித்து விதைகளைத் தெறிக்கச் செய்யும். அந்த ஓசையைக் கேட்டு ஓடி, புள்ளியிட்ட விதைகளைப் பொறுக்கி விளையாடிய பெற்றோர் நம்மிடையே பலர் உளர். பார்வைக்குக் கடினமான அவ்விதை உண்மையில் மென்மையானது. காய்ந்துவிட்டால் சில வாரங்களுக்குள் உயிரிழக்கும். ஆகவே அதனை ஈரப்பதம் காத்துப் பொதிந்து விரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. ரிட்லி விதைகளைத் திரட்டி, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் வழங்கினார். தம் சட்டைப் பையிலும் விதையோடு திரிந்தார் என்பர். பித்தர் என்று பலர் நகைத்ததையும் அவர் பொருட்படுத்தவில்லை.

1896-இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்பவர் ரிட்லியின் சொல்லை ஏற்றுப் பால்மரத் தோட்டம் அமைத்தார். பின்னர் காப்பியின் விலை வீழ்ந்தது. உலகில் மோட்டார் வண்டிகள் பெருகின. ரப்பரின் விலை உயர்ந்தது. காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் பல்லாயிரவர் கப்பலேறி வந்தனர். விதையைத் தந்தவர் ரிட்லி; அதனைச் செல்வமாக்கியது நோயும் வறுமையும் தாங்கிய அவர்தம் கைகள். செல்வம் பிறர்பாற் சென்றது. உழைப்பின் வரலாறு நம்பால் நின்றது. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பதே நேர்மையான கல்வி என்போம்.

சிங்கப்பூரில் இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற பின்னரும் ரிட்லி உழைப்பை விடவில்லை. மலாயாத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதி 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். காற்றும் நீரும் பறவையும் விலங்கும் விதைகளை எங்ஙனம் பரப்புகின்றன என்பதை விளக்கும் பெருநூலை 1930-இல் வெளியிட்டார். நூறாண்டு நிறைவாழ்வு வாழ்ந்து, 1956-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மறைந்தார். மறு ஆண்டு மலாயா விடுதலை பெற்றது.

இன்று பால்காடுகள் பல செம்பனைக்கும் குடியிருப்புக்கும் இடம்விட்டன. ஆயினும் விதை காக்கும் நற்பழக்கத்துக்கு எந்நாளும் இடமுண்டு. பால்மர விதை காயக்கூடாது. நம் பூச்செடிகளின் விதையோ நன்கு காய வேண்டும். செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை ஆகியவற்றுள் நோயற்ற நல்ல செடியைத் தெரிந்து, அதன் பூக்களுட் சிலவற்றைப் பறிக்காது விடுக. அவை செடியிலேயே முற்றிக் காய்ந்தபின், மழையில்லாத நாளிற் கொய்து, நிழலில் உலர்த்தி, விதையைப் பிரித்தெடுக்க வேண்டும். காகித உறையில் இட்டுப் பெயரும் நாளும் எழுதி, காற்றும் ஈரமும் புகாத புட்டியில் வைத்தால் அடுத்த பருவத்தில் அவை முளைக்கும். ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சணம் பிடித்து வீணாகும்.

மாணவர்களே! காய்ந்த பூவைக் குப்பையென எறிந்துவிடாதீர். இல்லந்தோறும் ஒரு விதைப் புட்டி இருக்கட்டும். பெற்றோரும் தோட்டத்துப் பெரியோரும் தாம் அறிந்த செடிகளின் விதைகளைப் பிள்ளைகளுக்கு ஈந்து உதவ வேண்டுகின்றோம். பிறர் நகைத்தாலும் விதையைக் கைவிடாத ரிட்லியின் உறுதி நமக்கும் வாய்க்குமாக!