பண்டிதை இரமாபாய்

புனேயில் சென்னை வண்டி ஏறி ஊருக்குப் போகும் நம் சங்கத்து நண்பர்கள், சுமார் ஒரு மணி நேரத்தில் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைக் கடக்கிறார்கள். பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் நிலையம் பின்னே போய்விடும். அதே வண்டி மறுநாள் ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி மலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும். அந்த மலைப்பக்கத்துக் காட்டில் ஒரு காலத்தில் பட்டினியால் சாகக் கிடந்த சிறுமி ஒருத்தி, பிற்காலத்தில் கேட்காவில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சோறும் எழுத்தும் தொழிலும் கொடுத்தாள். அவள்தான் பண்டிதை இரமாபாய் அம்மையார். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அவர் நடந்த வழி இருப்புப்பாதையைப்போல் நேரானதன்று.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டிடத்தில் அவர் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, மராத்திய அந்தணர். பெரிய வடமொழிப் புலவர். பெண்களுக்கு வடமொழி கற்பிக்கலாகாது என்ற காலத்தில் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தவர். ஊரார் எதிர்த்தார்கள். அவர் மனைவியை அழைத்துக்கொண்டு காட்டிலே போய்க் குடியேறினார். பின்னர் அந்த வீடும் நிலமும் கைவிட்டுப் போயின. குடும்பம் தீர்த்த யாத்திரை புறப்பட்டது. கோயில்தோறும் புராணம் படிப்பார்கள்; கேட்பவர் கொடுப்பதைக்கொண்டு வாழ்வார்கள்; மிச்சத்தைத் தானம் செய்துவிடுவார்கள். அந்த நடையிலேதான் தாயார் மகளுக்குக் கல்வி புகட்டினார். பாகவதத்தில் பல்லாயிரம் சுலோகங்கள் அந்தச் சிறுமிக்கு மனப்பாடம்.

1870களின் நடுவில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. புராணம் கேட்க ஆளில்லை. கேட்டாலும் கொடுக்கப் பொருளில்லை. கையிலிருந்த நகையும் பாத்திரமும் விற்றுத் தீர்ந்தன. கூலி வேலை செய்யவோ குலப்பெருமை இடந்தரவில்லை. திருப்பதியை அடுத்த காட்டில் பதினொரு பகலும் பதினொரு இரவும் இலையையும் நீரையும் காட்டு ஈச்சம்பழத்தையும் உண்டு கிடந்தார்கள். கண் மங்கிய முதிய தந்தையார் நீரில் மூழ்கி உயிர்விடத் துணிந்தார். மக்களை அணைத்து விடையும் பெற்றார். மகன் சீனிவாசன் இனிக் கூலி வேலை செய்தாவது காப்பாற்றுகிறேன் என்று தடுத்தான். ஆயினும் சில மாதங்களுக்குள் தந்தை, தாய், தமக்கை ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். தாயின் பாடையைத் தூக்க ஆள் வரவில்லை. இரண்டு அந்தணர் மட்டும் இரங்கி வந்தார்கள். நாலாவது தோள் இரமாபாயினுடையது. குள்ளமான பெண் ஆதலால் தோளுக்கு எட்டாமல் தலைமீது தாங்கி ஏறக்குறைய மூன்று மைல் நடந்தார்.

விதித்த விரதமெல்லாம் நோற்றும் தெய்வம் வாய்திறக்கவில்லையே என்ற கசப்பு அன்றே அவர் உள்ளத்தில் விழுந்தது. அண்ணனும் தங்கையும் நாலாயிரம் மைலுக்குமேல் கால்நடையாகவே நடந்தார்கள். 1878இல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்குள்ள வடமொழிப் புலவர்கள் இருபது வயதுப் பெண்ணைச் சோதித்துப் பார்த்து வியந்தார்கள். பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டங்கள் வந்தன. கேசவ சந்திர சேனர் வேதத்தையே அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தார், ஐயம் வளர்ந்ததேயன்றித் தீரவில்லை.

1880இல் அண்ணன் இறந்தார். அவ்வாண்டிலேயே விபின் விகாரி தாஸ் மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மனோரமா என்ற மகள் பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவரை வாந்திபேதி கொண்டுபோயிற்று. மணவாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. அசாமில் சில்சாரில் குடியிருந்தபோதே கணவரின் புத்தகங்களுக்கிடையே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் ஒன்று அவர் கண்ணில் பட்டிருந்தது. ஞானஸ்நானம் பெற விரும்புகிறேன் என்று சொன்னபோது கணவர் வருந்தினார். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

கைக்குழந்தையோடு பூனா வந்தார். பெண்கள் கூடிப் படிக்கவும் பேசவும் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். ஹண்டர் கல்விக் குழுவின்முன் நின்று, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று சாட்சியம் சொன்னார். 1883இல் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். காது மந்தமானதால் அந்தப் படிப்புக் கைகூடவில்லை. உடன் வந்த தோழி ஒருவர், மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தால் சித்தம் கலங்கித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரம் ஆறுமுன்பே, அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள், வாண்டேஜ் நகரத்துக் கன்னியர் மடத்தில் இரமாபாய் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

நாட்டில் புயல் எழுந்தது. நேற்றுவரை சரஸ்வதி என்று போற்றிய ஏடுகள் இன்று தூற்றின. அதுவாவது எதிர்பார்த்ததே. எதிர்பாராத துன்பம் அவரை அன்போடு ஏற்றுக்கொண்டவர்களிடமிருந்து வந்தது. மடத்துச் சகோதரிகள் நல்லவர்கள். ஆனால் புதிய மாணவி சொன்னதை நம்பிப் பணிந்திருக்க வேண்டும் என எதிர்பார்த்தார்கள். இவரோ திருச்சபையின் கோட்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சேலையை விடவில்லை, மரக்கறி உணவை விடவில்லை, முட்டை சேர்ந்த பலகாரத்தைக்கூடத் தொடவில்லை. சிலுவை ஒன்றில் லத்தீன் சொற்கள் பொறித்திருந்தன. தமக்கும் தம் மக்களுக்கும் புரியாத மொழி எதற்கு, எழுத்து வேண்டுமானால் வடமொழியிலே இருக்கட்டும் என்று எழுதினார். ஆண் மாணவருக்கு அவர் பாடம் சொல்லலாகாது என்று பம்பாய் பிஷப் தடுத்தபோது, பண்டிதர் சபைகளில் ஆடவர்முன் பேசியவர் வெகுண்டு மறுமொழி எழுதினார். புரோகிதரின் பிடியைவிட்டு வந்தவள் இன்னொரு பிடிக்குள் தலையைக் கொடுக்க மாட்டேன் என்பதே அவர் கடிதங்களின் சாரம்.

உற்றாரை விட்டு வந்து, அந்நிய நாட்டில் அவர்கள் தயவில் உண்டு உறங்கிக்கொண்டு, அவர்களோடே வாதாடுவது எளிதா? மௌனமாகத் தலையசைத்திருந்தால் வாழ்க்கை இலகுவாய் இருந்திருக்கும். விசுவாசத்தையும் விட மாட்டேன், வினாவையும் விட மாட்டேன் என்று அவர் நின்றார். என் மனத்தில் அவர் உயர்ந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

1886இல் அமெரிக்கா சென்றார். அங்கே மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பைக் காணவே போனார். போன இடத்தில் ஊர் ஊராகப் பேசினார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1887இல் வெளிவந்தது. பாஸ்டனில் அன்பர்கள் ஒரு சங்கம் அமைத்துப் பத்தாண்டுகள் பொருளுதவி செய்ய ஒப்புக்கொண்டனர்.

1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் சாரதா சதனம் திறந்தது. அடுத்த ஆண்டு பூனாவுக்கு வந்தது. உயர்குலத்து இளம் விதவைகளுக்கான இல்லம் அது. சமய போதனை இல்லை; அவரவர் ஆசாரத்தை அவரவர் காத்துக்கொள்ளலாம் என்பது விதி. ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசகராய் இருந்தார்கள். முதலில் சேர்ந்தவர்களில் கோதுபாய் என்ற இளம் விதவையை 1893இல் பேராசிரியர் கார்வே மணந்தார். பெண்கள் பல்கலைக்கழகம் கண்டு, பின்னாளில் பாரத ரத்தினம் பெற்ற அதே கார்வேதான்.

இனித்தான் சிக்கல். அம்மையார் தம் அறையில் மகளோடு தினமும் ஜெபம் செய்வார். யாரையும் அழைக்கவில்லை, ஆனால் கதவைச் சாத்தவுமில்லை. ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் ஆனபின், 1891 வாக்கில், கிறிஸ்து சமயத்தைக் கண்ட நான் கிறிஸ்துவைக் காணாதிருந்தேன் என்று உணர்ந்து அவர் உள்ளம் புதிதாய்க் கனிந்திருந்த காலம் அது. திறந்த கதவின் வழியே சில பெண்கள் வந்து அமர்ந்தார்கள். செய்தி நகரெங்கும் பரவியது. திலகரின் ‘கேசரி’ கடுமையாய்த் தாக்கியது. 1893இல் ரானடேயும் பண்டார்க்கரும் விலகினர். இருபதுக்கு மேற்பட்ட பெண்களைப் பெற்றோர் அழைத்துச் சென்றுவிட்டனர்.

இருபுறத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். நடுநிலை இல்லம் என்று நம்பிப் பெண்ணை அனுப்பிய பெற்றோரின் அச்சம் பொய்யானதன்று. ரானடே விதவைகளுக்குப் பகைவரல்லர். தாம் பெயர் கொடுத்த இடத்தில் வாக்குப் பிறழ்ந்தது என்று எண்ணியே விலகினார். அம்மையார் தரப்பிலோ, தம் வீட்டில் தாம் ஜெபிப்பதை ஒளிக்க அவர் எந்த நாளும் வாக்குக் கொடுத்ததில்லை. கதவைச் சாத்திவிட்டால் உதவி நிலைக்கும், இல்லம் நிரம்பும், பெயரும் கெடாது. ஒரு தாழ்ப்பாள்தான் வேலை. இந்துப் பெண் தன் அறையில் துளசிக்கு நீர் வார்க்க உரிமை இருக்கும் இல்லத்தில் தமக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை என்று அவர் கேட்டார். தாழ்ப்பாளைப் போடவில்லை. பின்னர் மாணவியரில் சிலர் ஞானஸ்நானம் பெறவும் செய்தனர், பிணக்கு முற்றியது.

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். திருப்பதிக் காட்டை மறவாதவர் வாளா இருப்பாரா? தாமே புறப்பட்டுப் போய் எலும்பும் தோலுமாய்க் கிடந்த பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். சுமார் முந்நூறு பேர். பூனாவிலோ பிளேக் நோய். புதியவர்களை நகருக்குள் வைக்க அதிகாரிகள் இடங்கொடுக்கவில்லை. பூனாவுக்குக் கிழக்கே நாற்பது மைல் தொலைவில், சதனத்தின் செலவுக்காக வாங்கியிருந்த தோட்டம் ஒன்று கேட்காவில் இருந்தது. அங்கே கூடாரமடித்தார், கிணறு வெட்டினார். அதுவே முக்தி இல்லம் ஆயிற்று. அதே 1897இல், பிளேக் முகாமில் பெண்கள் பட்ட இழிவைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றம்வரை போயிற்று. கிறிஸ்தவர் ஆனவர் வெள்ளையர் அரசுக்கு வாயடைத்திருப்பார் என எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். 1900இல் குஜராத்துப் பஞ்சத்துப் பெண்களும் வந்து சேர, முக்தியில் 1,500 பேருக்கு மேல் ஆயினர். தறி, எண்ணெய்ச் செக்கு, பால்பண்ணை, அச்சுக்கூடம் எல்லாம் பெண்கள் கையிலே நடந்தன. கண் தெரியாதவருக்கு மனோரமா தடவிப் படிக்கும் எழுத்தைக் கற்பித்தார்.

முக்தி, சாரதா சதனத்தைப்போல் நடுநிலை இல்லம் அன்று. வெளிப்படையான கிறிஸ்தவ இல்லம். 1905இல் அங்கே பெரிய ஜெப எழுச்சி ஒன்று உண்டாயிற்று. பெண்கள் குழுக்களாய்ச் சுற்றுக் கிராமங்களுக்குப் போய்ச் சுவிசேஷம் சொன்னார்கள். பசித்தவருக்குச் சோறிட்டு மதம் மாற்றினார் என்ற குற்றச்சாட்டு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு அவர் வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது. சோறிட்ட கையை நோக்கும் குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வளவு என்று கேட்பது தவறில்லை. ஆயினும் அந்தக் குழந்தைகளைத் தேடிப் பஞ்சக்காட்டுக்குப் போனவர் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும். கிடைத்த நம்பிக்கையைச் சோற்றைப்போலவே பகிர்ந்தளிப்பது அவருக்குக் கடமையாகப் பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அவர் எதையும் மறைத்துச் செய்ததில்லை என்பதை மட்டும் உறுதியாய்ச் சொல்வேன்.

கடைசிப் பதினைந்து, பதினாறு ஆண்டுகளை ஒரு பெரிய வேலை விழுங்கிற்று. மராத்தி வேதாகமம் வடமொழி மிகுந்து, படிப்பறிவு குறைந்த பெண்களுக்கு எட்டாததாய் இருந்தது. முக்தியின் எளிய பெண்ணுக்கும் விளங்கும்படி மொழிபெயர்க்க அம்மையார் துணிந்தார். அதற்காக நாற்பதைத் தாண்டிய வயதில் எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். லத்தீன் வேண்டாம், வடமொழி இருக்கட்டும் என்றவர், இப்போது தாம் சிறுவயது முதல் பழகிய அந்த வடமொழிச் சொற்களையே தேடித் தேடி நீக்கினார். காதோ முற்றும் மந்தம், உடலும் தளர்ந்தது. 1921 ஜூலையில், தமக்குப்பின் இல்லத்தை நடத்துவாள் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா நாற்பது வயதில் இறந்தார். அம்மையார் மறுபடியும் அச்சுப்படிகளின்முன் உட்கார்ந்தார்.

1922 ஏப்ரல் 5ஆம் நாள் உறக்கத்திலே அவர் உயிர் பிரிந்தது. கேட்காவிலேயே அடக்கம் செய்தார்கள். முழு வேதாகமம் 1924இல் வெளிவந்தது. எழுத்துக் கோத்ததும், அச்சிட்டதும் முக்தியின் பெண்களே. அவர்களிற் பலர் பஞ்சக் காலத்தில் பெயர் எழுதத் தெரியாமல் அந்தக் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள்.