ஐயாயிரம் அடிக் கோடு

மடுல்சீமைத் தேயிலைச் சரிவுகளைக் காணுந்தோறும் என் நினைவுக்கு வருபவர் ஜோசப் டால்டன் ஹூக்கர் ஆவார். 1817-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், இளமையிலேயே தென்துருவக் கடல்களில் பயணஞ் செய்தார். இமயச் சாரலில் செடிகொடிகளை ஆராய்ந்தார். 1849-இல் சிக்கிமில் சிறையும் பட்டார். டார்வினின் உற்ற நண்பரான அவர், 1865 முதல் 1885 வரை கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராய் விளங்கினார்.

அந்நாளில் இலங்கை மலைக்காடுகள் கோப்பிப் பயிருக்காக அழிந்துகொண்டிருந்தன. அவற்றை அழித்த கரங்களுள் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் கரங்களும் உண்டு, ஆதாயமோ அவர்களுடையதன்று. 1873-இல் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என அரசுக்கு அறிவுறுத்தினார். அரசும் இசைந்தது. மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீரூட்டும் ஹோர்ட்டன் சமவெளி இன்றும் காடும் புல்வெளியுமாய் நிற்பதற்கு அத்தடை ஒரு காரணமாகும்.

திரைமன் 1896-இல் மறைந்தபின், அவர் குறையாய் விட்டுச்சென்ற இலங்கைத் தாவர நூலை ஹூக்கரே தம் முதுமையில் முடித்தளித்தார். 1911-இல் காலமானார்.

அவர் வகுத்த கோடு முடிகளைக் காத்தது. தாழ்ந்த சரிவுகளைக் காக்கவில்லை. கோப்பி நோயால் மடிந்தபோதும் அங்கே காடு மீளவில்லை, தேயிலையே வந்தது. ஆங்கு எஞ்சியுள்ள ஓடைக்கரைச் சோலைகளையேனும் காப்பது நம் கடன் என்பேன்.