குண்டூருக்கு வந்த மருத்துவக் கன்னி



நம் அசோக் நகரின் அசோகத் தூணை நாள்தோறும் கடந்து செல்கிறோம். அந்தப் பேரரசர் தம் ஆட்சிக்குட்பட்ட இடங்களில் மட்டுமன்றி, அண்டையிலிருந்த சோழ, பாண்டிய நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததாகத் தமது 2-ஆம் பாறைக் கல்வெட்டில் கூறுகிறார். நோய்க்கு எல்லைக்கோடு கிடையாது. அதைத் தீர்க்கும் அன்புக்கும் எல்லைக்கோடு இருத்தலாகாது. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் மேரி குளோரி அம்மையார்.

இவர் 1887-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 23-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பிர்ரெகுர்ரா என்னும் சிற்றூரில் பிறந்தார். படிப்பில் சிறந்து விளங்கியதால் உதவித்தொகை பெற்று மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் கலைப் பிரிவில் பயின்றவர், தந்தையார் அளித்த ஊக்கத்தால் மருத்துவத்துக்கு மாறினார். பெண் மருத்துவர்கள் அரிதாயிருந்த அக்காலத்தில், 1910-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். மெல்போர்ன் நகரில் கண் மருத்துவத்திலும் பொது மருத்துவத்திலும் நற்பெயர் ஈட்டினார். பணமும் புகழும் அவரைத் தேடி வரத் தொடங்கின.

1915-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சிறு பிரசுரம் அவர் கைக்குக் கிட்டியது. அது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆக்னஸ் மக்லாரன் என்னும் பெண் மருத்துவரின் வரலாறு. ஆண் மருத்துவர் முன் வரத் தயங்கி, வீட்டுக்குள்ளேயே நோயோடும் பேறுகால வேதனையோடும் மடிந்த இந்தியப் பெண்களுக்காக அவர் ராவல்பிண்டியில் மருத்துவமனை அமையப் பாடுபட்டவர். துறவறக் கன்னியர் மருத்துவம் செய்ய அனுமதி வேண்டும் என்று ரோமாபுரிக்குப் பலமுறை விண்ணப்பித்தவர். அனுமதி கிடைக்காமலே 1913-இல் மறைந்தார். அதைப் படித்து முடித்ததும் மேரிக்குத் தம் வழி தெரிந்துவிட்டது.

ஆயினும் அவர் உடனே புறப்பட்டுவிடவில்லை. 1916-இல் கத்தோலிக்க மகளிர் சமூகச் சங்கத்தின் முதல் தலைவியாகப் பொறுப்பேற்று, உழைக்கும் பெண்களின் நலனுக்காகப் பாடுபட்டார். 1919-இல் மகப்பேறு, பெண்களின் நோய்கள், கண் மருத்துவம் ஆகியவற்றில் உயர்பட்டம் பெற்றார். ஏழைகளுக்குக் கொண்டுபோகும் கல்வி அரைகுறையாக இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம் போலும்!

1920-ஆம் ஆண்டு ஜனவரியில் கப்பலேறிய அம்மையார், பிப்ரவரியில் குண்டூர் வந்து சேர்ந்தார். அன்று குண்டூர், நம் சென்னையைப் போலவே, சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே பணியாற்றிய ஹாலந்து நாட்டுச் சேசு மரி சூசை சபையில் சேர்ந்து, திரு இருதய மரியாள் சகோதரி என்னும் பெயர் பெற்றார்.

இங்கேதான் சோதனை எழுந்தது. துறவறத்தார் மருத்துவத் தொழில் செய்வதைத் திருச்சபைச் சட்டம் அன்று தடுத்தது. துறவறத்தைத் தழுவினால் மருத்துவத்தைத் துறக்க நேருமோ? மருத்துவம் செய்யவேண்டுமானால் துறவறத்தைக் கைவிட நேருமோ? அவர் இரண்டையும் கடவுள் தந்த அழைப்பென்றே கருதினார். திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் சிறப்பு அனுமதி வழங்கினார். மக்லாரன் அம்மையார் கண்ட கனவு பலிக்கத் தொடங்கியது. 1936-இல் அந்த வாயில் எல்லாக் கன்னியர்க்கும் திறக்கப்பட்டது.

சிறிய மருந்தகமாகத் தொடங்கிய பணி புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. சாதி, சமயம் பாராமல் நோயாளிகள் வந்தார்கள். வர இயலாதவர்களைத் தேடி அம்மையாரே கிராமங்களுக்குச் சென்றார். நாட்டு மூலிகைகளின் பயனையும் ஆர்வத்தோடு கற்றார். ஆண்டுகள் பல, இலட்சக்கணக்கான நோயாளிகளுக்கு மருத்துவர் அவர் ஒருவரே.

ஒருவர் எத்தனை பேரைத்தான் பார்க்க முடியும்? தாம் தனியே ஓடி ஓடி உழைப்பதால் மட்டும் நாட்டின் நோய் தீராது என்பதை அம்மையார் உணர்ந்தார். உள்ளூர்ப் பெண்களைத் தாதியராகவும், மருத்துவச்சிகளாகவும், மருந்து கலப்பவர்களாகவும் பயிற்றுவித்தார். நாடெங்கும் சிதறிக் கிடந்த கத்தோலிக்க மருத்துவமனைகள் தனித்தனியே தவிப்பதைக் கண்டு, 1943-இல் அவற்றை ஒன்று சேர்த்துச் சங்கம் அமைத்தார். அதுவே பின்னர் இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம் என வளர்ந்தது. இன்று 3,500-க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதில் இணைந்துள்ளன. அவற்றுள் பல, வேறு மருத்துவ வசதி இல்லாத கிராமங்களில் இயங்குகின்றன.

இந்தியாவில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பதும் அவர் பேராவல். அதைக் காணும் முன்பே, நோயுற்று, 1957-ஆம் ஆண்டு மே திங்கள் 5-ஆம் நாள் பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார். இந்தியா வந்தபின் தாயகத்துக்கு அவர் திரும்பவே இல்லை. அவர் கண்மூடிய அதே பெங்களூரில் 1963-இல் புனித அருளப்பர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில், திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் உலக அமைதி பற்றிய தம் சுற்றுமடலில், உணவு, உடை, உறையுள் போல மருத்துவ உதவியும் மனிதனின் உரிமை என்று அறிவித்தார். 2013-இல் திருச்சபை மேரி குளோரி அம்மையாரை இறை ஊழியர் என அறிவித்தது.

தோழியரே, பிறர்க்கு உதவுவது தருமம். உதவி எல்லார்க்கும் எந்நாளும் கிடைக்க வழிசெய்வதோ பொதுநலன். ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்தால் அன்று ஓர் உயிர் பிழைக்கும். ஒரு பெண்ணைத் தாதியாக்கினால் ஓர் ஊர் பிழைக்கும். பலரை ஒன்று சேர்த்தால், நாம் மறைந்த பின்னும் பணி நடக்கும். இவ்வழியையே அம்மையார் நடந்து காட்டினார்.

நம்மில் சிலர் மருத்துவராகலாம், சிலர் தாதியராகலாம். மற்றவர் எப்பணி ஏற்பினும், கற்ற கல்வி தமக்கு மட்டுமே உரியதன்று என்பதை மறவாதிருப்போம். நாளை அசோகத் தூணைக் கடக்கும்போது, நம் படிப்பால் யார் நலம் பெறப் போகிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமா?