கற்க வயது தடையன்று

கோதாவரி ஆற்றின் கரையில் அமைந்த இராஜமுந்திரியில் 1909ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் துர்காபாய் பிறந்தார். அக்கால வழக்கப்படி எட்டாம் வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. வளர்ந்தபின் அம்மண வாழ்வை ஏற்க அவர் மறுத்தார். குடும்பத்தார் அவருக்குத் துணைநின்றனர்.

ஆங்கிலவழிக் கல்வியை எதிர்த்து இளம் வயதிலேயே அவர் பள்ளியை விட்டு நீங்கினார். பின்னர் இந்தி கற்று, பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கிக் கற்பித்தார். எனினும், கற்பித்த அவரிடம் பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லை.

1930இல் சென்னையில் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டார். 1933க்குள் மூன்று முறை சிறை சென்றார். வேலூர், மதுரைச் சிறைகளில் எழுத்தறியாப் பெண் கைதிகள் பலரைக் கண்டார். தம் மீதுள்ள வழக்கு இன்னதென்றும் அவர்களுள் சிலர் அறிந்திலர். அவர்களுக்காக வாதாடச் சட்டம் பயில வேண்டும் என்று துர்காபாய் உறுதிபூண்டார். சட்டம் பயிலப் பட்டம் வேண்டும். பட்டம் பெறப் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும். விடுதலையான போது அவருக்கு ஏறத்தாழ இருபத்து நான்கு வயது.

துர்காபாய் தயங்கவில்லை. தனித்தேர்வராகப் படித்துப் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். இடைநிலை வகுப்பையும் முடித்தார். பின்னர் வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பயில விரும்பினார். பெண்களுக்கு விடுதி இல்லை என்பது அங்குத் தடையாக நின்றது. தம்மைப் போலவே விடுதியின்றிக் கல்வியைத் தொடர இயலாத பெண்களைத் தேடி ஒன்றுசேர்த்து, தாமே ஒரு விடுதியை ஏற்படுத்தினார். அதன்பின் வகுப்பில் சேர்ந்தார். போராட்டக் களத்தில் தொண்டர்களை வழிநடத்தியவர், தம்மினும் பல ஆண்டு இளையவர்களோடு அமர்ந்து பாடம் கேட்டார். 1939இல் பட்டம் பெற்றபோது அவர் முப்பது வயதை எட்டியிருந்தார். 1942இல் சென்னையில் சட்டப்பட்டமும் பெற்று வழக்கறிஞரானார்.

தாம் கடந்த வழியைப் பிறருக்கும் அவர் திறந்துவிட்டார். 1937இல் சென்னையில் அவர் தொடங்கிய ஆந்திர மகிள சபை, இடையில் படிப்பை விட்ட பெண்களை மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு ஆயத்தம் செய்தது. 1946இல் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். 1953இல் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானார். அவ்வாண்டிலேயே நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக்கை மணந்தார். 1958இல் அவ்வாரியம் வயதுவந்த பெண்களுக்கெனச் சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பல ஆண்டுப் பாடங்களை இரண்டே ஆண்டுகளில் பயின்று தேர்வெழுத அத்திட்டம் வகைசெய்தது. பள்ளியை இழந்த பெண்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் பணிபுரிய அது வழியமைத்தது.

1975இல் பத்ம விபூஷண் விருது பெற்ற துர்காபாய், 1981 மே 9ஆம் நாள் மறைந்தார். தம் கல்வி காலந்தாழ்ந்ததை அவர் குறையாக எண்ணி ஒதுங்கவில்லை. அத்துன்பம் பிறருக்கு நேராதிருக்கவே உழைத்தார்.

சொற்பொருள்

உறுதிபூண்டார் – மனத்தில் உறுதிகொண்டார்
தனித்தேர்வர் – பள்ளியில் சேராமல் தேர்வெழுதுபவர்
ஆயத்தம் – முன்னேற்பாடு
வகைசெய்தது – வழி ஏற்படுத்தியது

பயிற்சி

1. துர்காபாய் சட்டம் பயில விரும்பியது ஏன்?
2. வால்டேரில் நேர்ந்த தடையை அவர் எவ்வாறு நீக்கினார்?
3. பிரித்து எழுதுக: எழுத்தறியா, அவ்வாண்டு.
4. உங்கள் வீட்டிலோ தெருவிலோ படிப்பை இடையில் விட்ட பெரியவர் ஒருவரிடம், அவர் மீண்டும் கற்க விரும்புவது யாது எனக் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.